பல்லி எப்போது கத்தும்

"பல்லிக்குக் கல்யாணத்தப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்கம்மா."

திருப்பூர் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி இப்படிச் சொன்னதும் செல்போனைப் பையில் வைத்தேன். அவளுக்கு ஒருபுறம் தாய். மறுபுறம், தலைமுடியில் பனியன் கம்பெனிப் பஞ்சு ஒட்டியிருந்த சித்தி.

"வாயக் கழுவு. அந்தக் கம்பெனிக் கட்டிங் மாஸ்டரச் சித்திக்குப் புடிச்சிருந்தாலும், பல்லி கத்துனாத்தான் சம்மதம்னு அப்புச்சி சொல்லிப்போட்டாரு. மத்தியானமெல்லாம் உக்காந்து பாத்தும் சத்தமே இல்ல" என்றார் தாய். அப்புச்சி என்றது தன் அப்பாவை.

"மத்தியானம் அது தூங்குமுங்க. ஊட்டுல இருக்கற ஒரு உசுர ஒரு வாரம் பாத்துட்டு வரச் சொன்னாங்கல்ல டீச்சர்? நான் பல்லியத்தான் பாத்தேன். பொழுதோட லைட்டப் போட்டாப் பூச்சி வரும். அதத் திங்க ரெண்டு பல்லி வரும். சண்ட போட்டுட்டுக் கத்தும்."

"நெசமாவா?" என்றார் தாய்.

"டெய்லி கத்துச்சுங்க."

"அப்புச்சிகிட்ட ஒளறி வெக்காத. சாமி குத்தம்."

அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த சித்தி மெல்லத் திரும்பினார்.

"கண்ணு, இன்னிக்கு அப்புச்சிய எப்ப உக்கார வெக்கலாம்?"

"லைட்டுப் போட்டதுக்கப்பறமுங்க சித்தி."

தாய் இருவரையும் முறைத்தார். பஸ் ஒரு நிறுத்தம் தாண்டியது.

"அந்நேரத்துக்குக் கரண்டு போகாம இருக்கோணும்" என்றார் தாய்.