ட்ரெபிளைத் தொடாதீங்க

— மெதுவாத் தூக்குங்க டாக்டர். அது பல்லு இல்ல, ஒரே இழுப்புல வர்றதுக்கு.

— அடேங்கப்பா, என்ன கனம் சார்! ஆம்ப்ளிஃபயருக்குள்ள கல்லு கில்லு வச்சிருக்கீங்களா?

— எல்லாம் ட்ரான்ஸ்ஃபார்மர். கனம் மட்டும் இல்ல, சூடாகும், கரண்டு தின்னும். வாங்குறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கோங்க.

— ஏங்க, விக்கிறதுக்காக அவரைக் கூப்பிட்டது நான். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

— உண்மையைத்தானே சொல்றேன்.

— உங்க கண்ணாடிக் கடையில இப்படி உண்மை பேசியிருந்தா ஒரு ஃப்ரேம் வித்திருக்காது.

— பரவால்ல மேடம், எனக்குத் தெரிஞ்சதுதான். நாள் பூரா காதுக்குள்ள ட்ரில் சத்தம். வீட்டுக்கு வந்தா மஞ்ச வெளிச்சம், ஆடுற முள்ளு, கையில பிடிச்சுத் திருப்புற மாதிரி ஒரு சாமான், இவ்வளவுதான் வேணும். போன்ல பாட்டு கேட்டா, பாதிப் பாட்டுல யாராவது பல்வலின்னு கூப்பிடுறாங்க.

— இவரும் உங்களை மாதிரியே பேசுறார் பாருங்க! டாக்டர், இந்தப் பைத்தியம் தொத்துமா?

— தொத்தும் மேடம். மருந்தும் கிடையாது.

— டாக்டர், உங்க பையில ஏதோ கீச்சு கீச்சுங்குது.

— எந்தக் கீச்சு? பாத்தீங்களா டாக்டர், இதுதான் இவரோட தொந்தரவு. இல்லாத கீச்சு கேக்கும். இருக்கிற வாசல் மணி கேக்காது.

— இல்ல மேடம், என் போன்தான். க்ளினிக்ல இருந்து மெசேஜ். வாசல் மணின்னதும்தான் ஞாபகம் வருது, நான்கூட ரொம்ப நேரம் அடிச்சேன். அப்புறம்தான் கதவைத் தட்டினேன்.

— நான் சமையல்கட்டுல இருந்தேன், எனக்கு எப்படிக் கேக்கும்? ஹால்ல கால் நீட்டி உக்காந்திருக்கிறவருக்குக் கேக்க வேண்டாமா?

— சாருக்குக் காது கொஞ்சம் மந்தமோ?

— கொஞ்சமா! ரெண்டு வருஷமா டிவியை அலற விடுறார். என்ன பேசினாலும் எனக்கு எதிர்ல வந்து உக்காந்து, வாயை அகலமாத் திறந்து பேசுறார், நான்தான் செவிடு மாதிரி. அதுக்குத்தான் இதை விக்கிறேன். இவருக்குக் காதுக்கு மெஷின் வாங்கணும். நாளைக்குக் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு.

— நான் வரலன்னு சொல்லிட்டேன்.

— கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் ‘கண்ணாடி போடுறதுல என்ன வெட்கம்’னு பாடம் எடுப்பீங்க. காதுன்னா மட்டும் வெட்கமோ?

— கதை அப்படி இல்லம்மா.

— வேற எப்படி? எங்க, டாக்டருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க.

— இதை வித்தா பாட்டை எதுல கேக்குறது? பொண்ணு வாங்கி அனுப்பின அந்தக் கையகல ஸ்பீக்கர் டப்பாவுல சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். இதுல கனத்த சத்தத்துக்கு பாஸ் தனி, கீச்சுச் சத்தத்துக்கு ட்ரெபிள் தனி. அவங்கவங்க காதுக்குத் தக்கபடி வச்சுக்கலாம்.

— அது வாஸ்தவம் சார். இப்ப வர்றதுல நிறையப் பேர் அதை எடுத்தே விட்டுட்டாங்க.

— இதுக்காகவா ஒரு மாசமா விக்காதேன்னு மல்லுக்கு நிக்கிறீங்க?

— இது போதாதா?

— போதாது. டாக்டர், போட்டுக் கேட்டுட்டுச் சொல்லுங்க. சாயங்காலம் பிள்ளைங்க வந்துடுவாங்க.

— பேரப்பிள்ளைங்களா மேடம்?

— பாட்டு வகுப்பு. இத்தனை வருஷமா பாட்டு டீச்சர் நான், இந்தத் தடவை மாதிரி ஒரு கூட்டத்தைப் பாத்ததில்ல. அடுத்த வாரம் மேடை ஏறணும், ஒண்ணும் வாயைத் திறக்க மாட்டேங்குது. எல்லாம் முணுமுணுன்னு, வார்த்தையே பிடிபடல. அதுல ஒரு குட்டி இருக்கா, ஊமைக்குயில்னு பேரு வச்சிருக்கேன். உதடு மட்டும்தான் அசையும். நேத்து அவகிட்ட, நீ மேடைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்.

— பாவம், அழுதுக்கிட்டே போனா. நிறுத்தாதேன்னு நானும் சொன்னேன்.

— அந்தக் காதை வச்சுக்கிட்டு சிபாரிசு வேற.

— போடட்டுமா சார்? இந்த ஸ்விட்சுதானே? ஆஹா, முள்ளு என்னமா ஆடுது! ஐயய்யோ!

— என்ன டாக்டர்?

— என் ட்ரில்லே தேவலாம் மேடம். ஒவ்வொரு ‘ச’வும் ஊசியா இறங்குது.

— பழசு, அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு ஒத்துவராது, விட்டுடுங்க.

— பழசுன்னாலும் இப்படிக் கத்தாது சார். ஓ, ட்ரெபிளை முழுசா வலது பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க. இது என்ன, டேப்பு போட்டு வேற ஒட்டியிருக்கு?

— தூசி தட்டும்போது திரும்பிடக் கூடாதுன்னு. அதைத் தொடாதீங்க.

— டேப்பை மட்டும் லேசா எடுத்துட்டு...

— தொடாதீங்கன்னேன்ல!

— ஏங்க, எதுக்கு அவர்கிட்டக் கத்துறீங்க? வாங்க வந்தவர் திருப்பிப் பாக்க மாட்டாரா? ஆனா டாக்டர், ஊசி எங்க இறங்குது? சுகமாத்தானே பாடுறா அந்தம்மா.

— சுகமாவா? இருங்க மேடம், நடுவுல வச்சுக் காட்டுறேன். இதோ. இப்பதான் காதுக்கு இதமா இருக்கு.

— என்ன பண்ணீங்க?

— நடுவுல வச்சேன், அவ்வளவுதான்.

— இல்ல, எதையோ கெடுத்துட்டீங்க. அந்தம்மா வாயில துணியை வச்சு அடைச்ச மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை புரியல. முணுமுணுன்னு...

— மேடம், இதுதான் சரியான...

— டாக்டர், போதும். பழைய இடத்துக்கே திருப்புங்க.

— வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஏங்க, இந்தப் பாட்டு இப்ப உங்களுக்கு எப்படிக் கேக்குது?

— விடும்மா.

— சொல்லுங்க.

— நல்லாத்தான் கேக்குது.

— முன்னாடி கேட்டது?

— கொஞ்சம் கூசும். பழகிடுச்சு.

— அலறுற டிவி?

— அதுவும் பழகிடுச்சு.

— வாசல் மணி?

— முதல்தடவை அது உனக்குக் கேக்காமப் போனப்ப, உன் முகமே வெளுத்துப் போச்சும்மா. என்னால பாக்க முடியல. எனக்கும்தான் கேக்கலன்னு சொல்லிட்டேன். அப்புறம் அந்தப் பொய்யை எங்க நிறுத்துறதுன்னு தெரியல.

— ரெண்டு வருஷமா செவிடனா நடிச்சீங்களா! அப்ப நான் உங்க முதுகுக்குப் பின்னால திட்டினதெல்லாம்?

— ஒண்ணு விடாம காதுல விழுந்துது.

— சிரிக்க வைக்காதீங்க. அழுதுடுவேன்.

— ஒரு பாட்டு டீச்சர்கிட்டப் போய், உன் காது சரியில்லன்னு நான் எப்படிச் சொல்வேன்?

— கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்ற மாதிரிதான். இதுல என்ன வெட்கம்னு.

— மேடம், நான் இன்னொரு நாள் வரட்டுமா?

— சும்மா வாங்க டாக்டர், பாட்டு கேக்க வாங்க. இது விக்கிறதுக்கு இல்ல. போறதுக்கு முன்னாடி ட்ரெபிளை இருந்த இடத்துலயே வச்சு, அந்த டேப்பையும் ஒட்டிடுங்க. நாளைக்குக் காது டாக்டர்கிட்ட நான் உக்காந்துக்கறேன். இவர் பக்கத்துல நின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாப் போதும்.

— நிக்கிறேம்மா.

— ஏங்க.

— சொல்லு.

— அப்ப அந்த ஊமைக்குயில்?

— அடுத்த ரூம்ல இருக்கிற எனக்கே அவ பாடுற ஒவ்வொரு எழுத்தும் கேக்கும். உன் வகுப்புலயே நல்லாப் பாடுறது அவதாம்மா.