கடைசி லயத்து ஏத்தவாழை

— அந்த அரிவாளை இங்கன ஓரமா வச்சுட்டு உக்காருய்யா பூபதி. வாழை எங்கயும் ஓடிப் போயிறாது.

— உக்கார நேரமில்ல மாரித்தாய் சித்தி. மூணு வாழையையும் இன்னைக்கே வெட்டிரணும்னு ரேஞ்சர் சார் ஆர்டர் போட்டுட்டாரு. மேல் லயத்துல எல்லாரும் வெட்டிட்டாங்க, கேட்டோ.

— அங்க ஆளு இருக்கு, வெட்டுறாக. இந்த லயத்துல பத்து வீட்டுல ஒம்போது பூட்டிக் கெடக்கு. தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்தா நானும் இந்த மூணு வாழையும்தான்.

— வாழை மட்டுமா இருக்கு? அதைத் தேடி ஆனையும்ல வருது. போன மாசம் கொம்பன் உங்க அடுக்களைச் சுவத்துல ஒரசிக்கிட்டு நின்னான். எட்டு வருசமா பாரஸ்ட்ல வாச்சரா இருக்கேன், வீட்டை இப்படி ஒட்டி ஒரு ஆனை நின்னு பாத்ததில்ல.

— சுவருக்கு ஒண்ணும் ஆகலயே. ஒரு வாழையச் சாச்சு, குலையத் தின்னுட்டு அவம்பாட்டுக்குப் போயிட்டான்.

— அடுத்த வாட்டி சுவரு விழுந்தா, உள்ள இருக்கது நீங்க, கேட்டோ.

— காய் இன்னும் திரளலய்யா. அடிமாலியில இருந்து நேந்திரங்கன்னு கொண்டாந்து வச்சேன். இந்தக் குளிருல ஏத்தன் குலை தள்ளவே ஒன்றரை வருசமாயிருச்சு. இப்ப வெட்டுனா அவிச்சாலும் துவர்க்கும். ஒரு மாசம் பொறு.

— போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. காய் விளைஞ்சுச்சு, நீங்க வெட்டவே இல்ல. ஏத்தங்குலைய விளைஞ்சதும் வெட்டி வீட்டுக்குள்ள தொங்க விட்டுப் பழுக்க வைப்பாங்க. மரத்துலயே பழுக்க விட்டது நீங்க ஒருத்தர்தான். அந்த வாசத்துக்கு ஆனை வராம என்ன செய்யும்?

— மறந்துட்டேன்யா.

— பத்து நாளு மறந்தீங்களா? தெனமும் அதைத் தாண்டித்தானே வீட்டுக்குள்ள போறீங்க.

— வயசாகுதுல்ல. கட்டஞ்சாயா போடவா?

— சாயா இருக்கட்டும். உங்க மகன் பாண்டீஸ்வரன்ட்ட சொல்லவா? அவன் திருப்பூர்ல இருந்துக்கிட்டு இன்னும் நம்ம ஆனை வாட்சப் குரூப்புல இருக்கான். ஆனை நிக்குதுன்னு நான் மெசேஜ் போட்ட மறுநிமிசம், "எங்கம்மா வீட்டுப் பக்கமா?"ன்னு கேக்குறான்.

— என்னன்னு கேட்டான்? இன்னொருக்கா சொல்லு.

— "எங்கம்மா வீட்டுப் பக்கமா?"ன்னு.

— அன்னைக்கு என்னையும் கூப்புட்டான்யா. ஒரு மணி நேரம் பேசுனான். கதவச் சாத்திக்கோம்மா, வெளிய எட்டிப் பாக்காதங்கான். மருமக இந்து போனை வாங்கி, என்ன அத்தை சாப்புட்டீங்கன்னு கேட்டா. ரசமும் சோறும்னேன். இவன் திரும்ப வாங்கி, ரசத்துல மிளகு தட்டிப் போட்டியாம்மான்னான். சின்னதுல அவனுக்கு மிளகு ரசம்னா உசுரு.

— பாசமான பையன். அப்புறம் பேசுனானா?

— கம்பெனியில வேலை ஜாஸ்தியாம்.

— அதுக்கு முந்தி எப்ப பேசுனான்?

— அதுக்கு முந்துன தடவை ஆனை வந்தன்னைக்கு.

— நீங்களாக் கூப்புடலாமே சித்தி.

— கூப்புடுவேன். அப்புறம் பேசுறேம்மான்னு வச்சுருவான். அவனக் குத்தம் சொல்லலய்யா, அவன் பாடு அவனுக்கு.

— நீங்க அவன்கூடப் போய் இருக்கலாம்ல?

— ஒரே ரூம்தானாம். பெருசாப் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னான். அதையும் ஆனை வந்தன்னைக்குத்தான் சொன்னான்.

— என்னைய என்னதான் செய்யச் சொல்றீங்க? நான் இன்னைக்கு இதை விட்டுட்டுப் போயி நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என் மனசு ஆறாது சித்தி. வெட்டிட்டுப் போட்டோ எடுத்துக் குரூப்புல போடணும்னு வேற சொல்லியிருக்காரு. எல்லாருக்கும் தெரியட்டும்னு.

— குரூப்புலயா?

— ஆமா. வெட்டுன எல்லா லயத்துப் போட்டோவும் அதுலதான் வருது.

— சரி, வெட்டிக்க. அடியில முளைச்ச கன்னையும் விட்டு வைக்காத, சேத்தே வெட்டிரு. உன் வேலைக்கு நான் குறுக்க நிக்கல.

— கோவமா சித்தி?

— உம்மேல என்னய்யா கோவம். போட்டோவ ரேஞ்சர் சார்ட்ட மட்டும் காமி, குரூப்புல போட்டுறாத. வாழை போயிருச்சுன்னு தெரிஞ்சா பாண்டி நிம்மதியா இருந்துருவான்.