சனிக்கிழமை வரை காத்திருந்த செய்தி

உங்கள் வீட்டில் எல்லோரும் என் நிகழ்ச்சியைக் கேட்பார்கள் என்று வாசலில் நின்ற காவலர் சொன்னார், இன்ஸ்பெக்டர் சார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. லெவுகா மாதிரி ஒரு சின்னத் தீவு ஊரில் மாலை ஆறு மணிக்கு எங்கள் வானொலியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்பது வேறு விஷயம்.

பதினோரு வருடமாகக் கதை சொல்கிறேன். தினம் அரை மணி நேரம். போன வருடம்தான் சரக்கு தீர்ந்துபோனது. பேய்க்கதை சொன்னேன், பேய்கூடக் கேட்டிருக்காது. நிலையத்தை நடத்தும் டிட்டிலியா ஒருநாள் என் மேசை மேல் வந்து உட்கார்ந்தாள்.

"எபராமா, நேத்து உன் கதை ஓடறப்போ எங்க வீட்டு நாய் எந்திரிச்சு வெளிய போயிடுச்சு. நம்ம ஊர் ஆளுங்களப் பத்திச் சொல்லேன். நாளைக்கு என்ன ஆச்சோன்னு ஜனம் தவிக்கணும். தவிக்கிறவன் ரேடியோவ அணைக்க மாட்டான்."

நல்ல யோசனை. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வைசாலே என் அத்தை மகன். ஃபிஜியில் மச்சான்கள் ஒருவரையொருவர் கேலி செய்யாவிட்டால் சண்டையா என்று ஊர் கேட்கும். அவனுக்குச் சொந்தமாக மீன்பிடிப் படகு. யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால், கிண்ணம் ஒரு சுற்று வருவதற்குள் என் மானம் போய்விடும்.

"இவன் கதையக் கேட்டுத்தான்யா என் மாமியா தூங்குது. டாக்டர் மாத்திரையவே நிறுத்திட்டாரு."

"உன் படகு கரைக்கு வர்றதுக்குள்ள மீனுங்க நடந்தே வந்துடும், மச்சான்" என்பேன் நான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. நீரோட்டம் தெற்கே இழுத்திருக்கும் என்று, மறுநாள் எல்லாப் படகுகளும் தெற்கே தேடப் போயின. அன்று மாலை அவனைப் பற்றிப் பேசினேன். பெண் பார்க்கப் போன வீட்டில் நாய் துரத்த, புதுச் சட்டையோடு தென்னை மரத்தில் ஏறி அங்கிருந்தே சம்மதம் சொன்னதைச் சொன்னேன். ஊரே சிரித்தது, ஊரே அழுதது. செவ்வாய்க்கிழமைக்குள் கடைக்காரர்கள் ஆறு மணிக்கு வியாபாரத்தை நிறுத்திவிட்டு ரேடியோவை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வாரம் எனக்கு வாய்த்ததில்லை.

புதன்கிழமை மதியம் ஒரு சரக்குக் கப்பல் கேப்டன் நிலையத்துக்குப் போன் செய்தார். நான் மட்டும்தான் இருந்தேன்.

"உன் நிகழ்ச்சியக் கேட்டுக்கிட்டுதான் வர்றேன் தம்பி. வடக்க நண்டுத் திட்டுல புகை தெரிஞ்சுது. ஒரு ஆளு சிவப்புத் துணிய ஆட்டறான். சுத்தியும் பாறை, என் கப்பல் கிட்டப் போக முடியாது. வயர்லெஸ்ஸும் பழுது, போன் சிக்னலும் இதோ போயிடும். போலீசுக்குச் சொல்லிடறியா?"

"சொல்லிடறேன் கேப்டன்" என்றேன். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

நண்டுத் திட்டு எனக்குத் தெரிந்த இடம். ஆள் கிடையாது, தென்னைக்கும் நண்டுக்கும் குறைவில்லை. மரம் ஏறுவதில் வைசாலேயை மிஞ்ச ஆளும் இல்லை. புதன் மதியமே சொல்லியிருந்தால் ஒரு மணிக்கெல்லாம் கதை முடிந்திருக்கும். அந்த நேரத்தில் ரேடியோ பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை மாலை என்றால் தீவு முழுக்கக் கேட்கும். நடுவில் மூன்று நாள். இளநீர் குடித்துக்கொண்டு ஓய்வாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அவன் மனைவி அகானிசியை நிகழ்ச்சிக்குக் கூட்டி வந்தேன். எனக்குத் தங்கை முறை.

"அவன் இப்பக் கேட்டுக்கிட்டிருந்தா என்ன சொல்லுவ, தங்கச்சி?"

"என்னங்க, வந்துடுங்க. உங்களுக்கும் சேத்துத்தான் தினமும் கிழங்கு அவிக்கிறேன். ஆறிப்போயிடுது."

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. நடிப்பில் வராத நடுக்கம். அவன் உயிரோடு இருக்கிறான் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் அது கிடைத்திருக்காது. முடிந்ததும் அவள் கையைப் பிடித்து, நம்பிக்கையோடு இரு என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு, இப்போதுதான் தகவல் வந்தது என்று அறிவித்தேன். தெருவில் எழுந்த கூச்சல் அறைக்குள் கேட்டது. விடிந்ததும் புறப்பட்ட முதல் படகில் நானும் போனேன், ஒலிப்பதிவுக் கருவியோடு. அவன் பேசும் முதல் வார்த்தை என்னைத் திட்டுவதாகத்தான் இருக்கும் என்று படகில் பந்தயமே கட்டினோம்.

மரத்தடியில் கிடந்தான். படகு பாறையில் மோதியபோதே கணுக்கால் முறிந்திருக்கிறது. தலைக்கு மேலே குலை குலையாக இளநீர். வெள்ளிக்கிழமை உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். கருவியை அணைக்க மறந்துவிட்டேன் என்று மற்றவர்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள், அன்றுதான் ஊர் திரும்பியிருந்த அந்தக் கேப்டன் ஒரு கூடை பப்பாளியோடு அகானிசியின் வீடு தேடி வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். "புதன்கிழமையே போன் பண்ணிட்டேனேம்மா, ஆளு எப்படி இருக்கான்?" என்றார், சிரித்துக்கொண்டே.

அகானிசி அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, என்னைப் பேச வெச்சப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். நான் பொய் பேசுகிறவன் அல்ல, சார்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரி. அவன் உயிரோடு இருக்கும் இடம் தெரிந்தும் மூன்று நாள் மறைத்தேன், அதனால் செத்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். கேப்டன் போன் செய்ததை முதல் வரியிலேயே போட்டுவிட்டீர்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் நீதிபதி பாதியிலேயே கொட்டாவி விடுவார்.