பதினோரு இடத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை

கலைமணி: பதினோரு எடத்துலயா உக்காந்தாரு அந்தப் பையன் செந்தமிழன்?

நித்யஸ்ரீ: பதினொண்ணும்மா. நான் எண்ணிக்கிட்டே வந்தேன்.

தனபால்: வெடிஞ்சதும் இதானா பேச்சு? மொதல்ல ஒரு டீத்தண்ணி குடுங்க.

கலைமணி: டீ உங்க கைக்கிட்டயேதானுங்க இருக்குது. ஆறியே போச்சு.

தனபால்: ஓ... கவனிக்கல.

கலைமணி: காலு பிசகிக் கட்டுப் போட்டு ஊட்டுல கெடக்கறவளுக்கு, நடந்ததைச் சொல்லக்கூட ஆளில்ல. நேத்துப் பொழுதோட மலையில இருந்து வந்தவங்க, அப்பனும் மகளும் சோத்தைத் தின்னுபோட்டு ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கிட்டீங்க. பத்து மணிக்கு எங்கண்ணன் சபரிநாதன் போன் பண்ணுவாரு. பள்ளிபாளையத்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு என்னன்னு பதில் சொல்றது?

நித்யஸ்ரீ: பையன் வேண்டாம்னு சொல்லீரு.

தனபால்: ஏஞ்சாமி, ஒரு நாள் நடையை வெச்சு ஒரு மனுசனைத் தள்ளீரலாமா?

நித்யஸ்ரீ: நீங்கதானுங்கப்பா சொன்னீங்க. பஜ்ஜி, காப்பித்தட்டு எல்லாம் வேண்டாம், மாப்பிள்ளைப் பையனை மலைக்கு வரச்சொல்லு, நாலு மணி நேரம் ஏறுனா ஆளு என்னன்னு தெரிஞ்சுபோகும்னு.

தனபால்: சொன்னேன்... இல்லைங்கல.

கலைமணி: அதைக் கேட்டு அவங்க ஊட்டுல சிரிச்சாங்களாம். பொண்ணு பாக்கப் போறதா, வெறகு பொறுக்கப் போறதான்னு அவங்கம்மா கேட்டாங்களாம். அண்ணன் சொன்னாரு.

நித்யஸ்ரீ: வெறகு பொறுக்கப் போயிருந்தாக்கூட ஒரு கட்டு கெடைச்சிருக்கும்.

தனபால்: நித்யா...

கலைமணி: நீங்க இருங்க. நீ மொதல்ல இருந்து சொல்லு, அம்மிணி.

நித்யஸ்ரீ: எருமப்பட்டி தாண்டி அடிவாரத்துக்கு ஆறு மணிக்கே போயிட்டோம். அவரு எங்களுக்கு முன்னாலயே வந்து நின்னுக்கிட்டிருந்தாரு. நல்லாத் தேஞ்ச ஷூ. பரவாயில்ல, நடக்கற காலுதான்னு நெனச்சேன். வனத்துறைக்காரரு அனுமதிச் சீட்டைப் பாத்துப்போட்டு உட்டாரு. கொல்லிமலைக்காரங்க சந்தைக்கு எறங்கற பழைய ஒத்தையடித் தடம் இருக்குதில்ல, அதுல ஏறுனோம்.

கலைமணி: பேசுனாரா?

நித்யஸ்ரீ: பேசுனாரு. காயிதமில்லுல என்ன வேலைன்னு சொன்னாரு. ஊட்டுக்குள்ளயே தறி ஓடுமாம். அந்தச் சத்தத்துல தூங்கிப் பழகி, கரண்டு நின்னா முழிப்பு வந்துருமாம். சிரிச்சுக்கிட்டேதான் ஏறுனோம். முக்கா மணி நேரம் நல்லாத்தான் வந்தாரு.

கலைமணி: அப்பறம்?

நித்யஸ்ரீ: அப்பறம் ஒரு பெரிய பாறை வந்துச்சு. அங்க பொத்துனு உக்காந்துட்டாரு. மூச்சு வாங்குதுங்க, சித்த நேரம் இருந்துட்டுப் போலாங்களான்னாரு.

தனபால்: ஏத்தம் கடுசு அந்த எடம்.

நித்யஸ்ரீ: சங்ககிரிக் கோட்டையில எனக்கு ஆறு வயசு. நாலாவது வாசல்ல உக்காந்து அழுதேன். அப்பவும் ஏத்தம் கடுசுதான். என்ன சொன்னீங்கப்பா? தூக்கமாட்டேன், இங்கயே இருந்துக்கோ, எறங்கறப்ப கூட்டிக்கிறேன்னீங்க.

தனபால்: நீ அப்பறம் எனக்கு முன்னால ஏறிப் போயிட்டயே.

கலைமணி: தமிழரசு உங்க தம்பி மகன்தான? கஞ்சமலையில ரெண்டே ரெண்டு தரம் உக்காந்தான். ஆறு மாசம் அவனைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. கடைசியில அவன் நம்ம ஊட்டுப் பக்கமே வரல. இந்தப் பையனுக்கு மட்டும் பாறை, ஏத்தம்னு வக்காலத்து வாங்கறீங்க.

தனபால்: வயசாயிருச்சுல்ல. பொறுமை வருமில்ல ஒரு மனுசனுக்கு.

நித்யஸ்ரீ: இன்னும் கேளும்மா. ரெண்டாவது தரம் உக்காந்து எந்திரிச்சதும், அப்பா பையை வாங்கி அவரு மாட்டிக்கிட்டாரு.

கலைமணி: உங்க பையவா? கல்ராயன் மலையில கூடாரம் காத்துல பறந்து, நாம மூணு பேரும் தார்ப்பாயைச் சுத்திக்கிட்டு மழையில நின்னப்பக்கூட அந்தப் பையை என்ற கையில குடுக்கல நீங்க.

தனபால்: அவன் கேட்டான். குடுத்தேன்.

நித்யஸ்ரீ: முதுகுல மட்டும் பாரம் இருந்தா ஆளைப் பின்னால இழுக்குதாம். நெஞ்சுப் பக்கமும் ஒண்ணு மாட்டுனாத்தான் நடை நேரா நிக்குமாம். மூச்சு வாங்கற ஆளு ரெண்டு பை தூக்கறாரு. நல்ல வேடிக்கை.

கலைமணி: கெரகம்.

நித்யஸ்ரீ: அதுக்கப்பறம் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா உக்காருறது. ஒருக்கா ஷூக்குள்ள கல்லு. ஒருக்கா ஏதோ குருவி கத்துது, கேப்போம்ங்கறாரு. ஒருக்கா என்னை முன்னால போயி மேல இருந்து போட்டோ எடுங்கன்னாரு. பதினோராவது எடம் ஊத்துக்கிட்ட. இன்னும் ஒரு மணி நேரந்தான், ஏறிட்டா செம்மேட்டுல பஸ் ஏறி வந்தறலாம். இதுக்கு மேல ஆகாது, எறங்கீரலாம்னுட்டாரு.

கலைமணி: நீங்க ரெண்டு பேரும் ஏறிப் போயிருக்கலாமில்ல?

நித்யஸ்ரீ: அதைத்தான் சொன்னேன். நீங்க எறங்குங்க, நானும் அப்பாவும் ஏறிக்கறோம்னேன். காலு நடுங்குதுங்க, தனியா எறங்க முடியாது, மாமா கூட வரோணும்ங்கறாரு. முப்பது வயசு ஆளும்மா. தொணைக்கு எங்கப்பாவைக் கேக்கறாரு.

தனபால்: அவன் கேட்டதுல என்ன தப்பு?

நித்யஸ்ரீ: தப்பே இல்லைங்கப்பா. ஆனா எனக்கு வேண்டாம். ஞாயித்துக்கெழமை வந்தா மலைக்குப் போறவ நான். நோஞ்சானைக் கட்டிக்கிட்டு ஒவ்வொரு பாறையிலயும்...

தனபால்: அந்த வார்த்தையைச் சொல்லாத.

நித்யஸ்ரீ: வேற எப்படிச் சொல்றது? நோஞ்சான்தானே. பத்து மணி வரைக்கும் எதுக்கு? நானே சபரிநாதன் மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போடறேன்.

தனபால்: நித்யா, போனைக் கீழ வையி.

நித்யஸ்ரீ: ஏனுங்கப்பா?

தனபால்: கீழ வைன்னு சொல்றேனில்ல.

கலைமணி: என்னங்க... எதுக்கு இப்ப கோவம்?

தனபால்: கோவமில்ல. ...மூச்சு வாங்குனது அவனுக்கு இல்ல.

கலைமணி: பொறவு?

தனபால்: எனக்கு.

கலைமணி: உங்களுக்கா? எப்பங்க?

தனபால்: அந்தப் பாறைக்கு முன்னாலயே ஆரம்பிச்சுருச்சு. நெஞ்சுல யாரோ ஜாக்கி வெச்சு அழுத்தறாப்பல. இடது கை தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் இழுத்துப் புடிச்சுது. வேத்துக் கொட்டுது. இவ பாட்டுக்கு முன்னால போயிட்டிருந்தா. நான் காட்டிக்கல. அவன் எனக்குப் பின்னால வந்தவன், எப்படித்தான் கண்டானோ, என்னைத் தாண்டி வந்து பாறையில உக்காந்துட்டான். மூச்சு வாங்குதுங்கன்னு இவளைப் பாத்துச் சொல்றான். கை என்ற கையைப் புடிச்சு உக்கார வெக்குது.

நித்யஸ்ரீ: அவருக்கு எப்படிங்கப்பா தெரிஞ்சுது?

தனபால்: அவங்கப்பனுக்கு மூணு வருசத்துக்கு முந்தி இதே மாதிரி வந்துச்சாம். தறியை நிறுத்தாம ரெண்டு நாள் ஓட்டுனாராம், யாருக்கும் சொல்லாம. அதைப் பாத்தவன். எறங்கீரலாம் மாமான்னான். முடியாது, பொண்ணுக்கு முன்னால பாதியில திரும்பி எனக்குப் பழக்கமில்லைன்னேன். அப்படின்னா நான் திரும்பறேன், நீங்க எனக்குத் தொணைக்கு வாங்கன்னான். ஊத்துக்கிட்ட வந்தப்பறம் எனக்கே தெரிஞ்சுபோச்சு, இதுக்கு மேல ஒரு அடி வெக்க முடியாதுன்னு.

கலைமணி: எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு என்னங்க?

தனபால்: கூப்புட்டான். அடிவாரத்துல கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. வலி நின்னுபோச்சு, வெடிஞ்சதும் நானே போறேன்னு சொல்லித் தப்பிச்சேன். உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன். நாளைக்குப் பொழுது போறதுக்குள்ள நீங்களே சொல்லிரோணும் மாமா, அது வரைக்கும் வாயைத் தொறக்கமாட்டேன்னான். உங்களைத் தப்பா நெனச்சுக்குவாங்களே சாமின்னேன். நெனச்சா நெனச்சுக்கட்டும்ங்க, அது அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லிப்போட்டு, எனக்கு முன்னால முன்னாலயே எறங்குனான். சறுக்குனா அவன் மேல உழுகட்டும்னு.

கலைமணி: எங்ககிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க வந்துச்சு?

தனபால்: சொன்னா டாக்டருகிட்ட போகோணும். டாக்டரு இனி மலைப்பக்கமே தலை வெக்காதேன்னு சொல்லிப்போட்டா?

கலைமணி: சொன்னா சொல்லிட்டுப் போறாரு.

தனபால்: உனக்கென்ன, சொல்லீருவ. வாரத்துல ஆறு நாள் பட்டறையில லாரிக்கு பாடி கட்டறவன் நான். இவ எந்திரிக்கறதுக்கு முன்னால போயி, படுத்தப்பறம் வாரேன். இவ பள்ளிக்கூடத்துல என்ன படிச்சா, யாருகூடச் சண்டை போட்டா, எல்லாம் நான் மலையிலதான் கேட்டேன். நீயும் நானும் ஒரு முழு நாள் பேசுனதும் அங்கதான். அதையும் எடுத்துப்போட்டா... எனக்கு உங்களோட இருக்கறதுக்கு வேற எடமே தெரியாது, கலை.

நித்யஸ்ரீ: அப்பா...

கலைமணி: அதுக்கோசரம் மறைச்சீங்களாக்கும். ஏற முடியலைன்னா அடிவாரத்துல துண்டை விரிச்சு, மூணு பேரும் கட்டுச்சோறு தின்னுபோட்டு வருவோம். மலைமேல உக்காந்தாத்தான் உங்ககூடப் பேசுவேன்னு நான் என்னைக்குச் சொன்னேன்?

நித்யஸ்ரீ: செந்தமிழனோட அப்பாவுக்கு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வெச்சாங்களாம். இப்ப தெனமும் காவேரிக்கரையில நாலு கிலோமீட்டர் நடக்கறாராம். ஏறும்போது சொன்னாரு.

தனபால்: அது எனக்கும் சொன்னான். ...சரி. சொல்லிப்போட்டேன். நெஞ்சு இப்பத்தான் லேசா இருக்குது. கலை, உங்கண்ணன் போன் பண்ணுனா, பொண்ணுக்குச் சம்மதம்னு... இல்ல, நான் எதுக்குச் சொல்றது? நித்யா, நீ சொல்லு. அவன் நோஞ்சான் இல்ல.

நித்யஸ்ரீ: தெரியுமுங்கப்பா.

தனபால்: இப்பத்தான தெரிஞ்சுது.

நித்யஸ்ரீ: நேத்தே தெரியும். போட்டோ எடுக்க மேல போனேன்ல, வளைவுல நின்னு திரும்பிப் பாத்தேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு நெஞ்சைப் புடிச்சிருந்தீங்க. அவரு உங்களுக்குத் தண்ணி மோக்க ஊத்துக்கு ஓடுனாரு பாருங்க, முன்னால ஒரு பை, பின்னால ஒரு பை, அந்த மேட்டுல ஆட்டுக்குட்டி கணக்கா. என்னால அப்படி ஓட முடியாது. பொழுதோட மாடியில நின்னு போன் போட்டுக் கேட்டேன், அப்பாவுக்கு என்னன்னு. எனக்கு ஏற முடியலைங்க, அவ்வளவுதான்னாரு. மூணு தரம் கேட்டேன். மூணு தரமும் அதையேதான் சொன்னாரு.

தனபால்: அப்ப தெரிஞ்சுக்கிட்டேவா அவனை வெடிஞ்சதுல இருந்து இந்த வசவு வைதுக்கிட்டிருக்கற?

கலைமணி: வையச் சொன்னதே நாந்தானுங்க. இவ ராத்திரியே எங்கிட்ட எல்லாம் சொல்லீட்டா. போன வருசம் சக்கரை பாக்கக் கூட்டிட்டுப் போனப்ப, ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து பட்டறைக்கு ஓடிப்போனவரு நீங்க. உங்க வாயில இருந்தே வந்தாத்தான் உங்க காலு அங்க வரும்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி பூரா உங்க மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு முழிச்சுத்தான் கெடந்தேன், ஒரு சுருக்குனாலும் அப்பவே தூக்கிட்டுப் போறதுக்கு. எங்கண்ணன் போனெல்லாம் எதுவும் வராது. பத்தரைக்கு நெஞ்சு டாக்டருகிட்ட சீட்டு போட்டு வெச்சிருக்குது, பத்து மணிக்கு அந்தப் பையனைக் காரு எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்குது. எதுக்குன்னு அவருக்குச் சொல்லல, வேண்டாம்னு சொல்லத்தான் கூப்படறோம்னு நெனச்சுக்கிட்டு நேரத்துக்கு முன்னாலயே வந்து, அரை மணி நேரமா வெளிய வேப்பமரத்தடியில நிக்கறாரு, நீங்களே போயி உள்ள கூட்டிட்டு வாங்க.