நாலுன்னு காட்டுது

— லிஃப்ட் மணியை விடும்மா, வாட்ச்மேனுக்குக் கேட்டாச்சு. ஜெனரேட்டரைப் போட ஓடியிருப்பார்.

— கை சும்மா இருக்க மாட்டேங்குது அண்ணி. இருட்டுல மூச்சு முட்டுது. மேல குட்டி கூப்பிடறது கேக்குதா? நம்ம ஸ்கூட்டர் சத்தம் கேட்டிருக்கும், நாலாவது மாடியில லிஃப்ட் வாசல்லயே வந்து நிக்கறா. குட்டி, அம்மா வந்துட்டேன்டா, அங்கயே இரு.

— உங்க அண்ணன் வீட்லதானே இருக்கார்?

— அவன் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். நீங்க ஏதாவது பேசுங்க. இந்த லிஃப்டுக்கு ப்ரோகிராம் எழுதறது உங்க ஆபீஸ்தானே? பயப்படாதேன்னு நீங்க சொன்னா நம்புவேன்.

— போன வாரம்தான் மாத்தி ஏத்தினோம். மாத்தினது நான்தான்.

— நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?

— ஓடிச்சு. ஆனா எடுத்துப் படிச்சா ஒருத்தருக்கும் புரியாது. ஒரு ப்ரோகிராம் படிக்கறவங்க தலையை எவ்வளவு குழப்புதுன்னு அளந்து மார்க் போட எங்ககிட்ட ஒரு கருவி இருக்கு. 'இப்படி இருந்தா', அதுக்குள்ள 'அப்படியும் இருந்தா', அதுக்குள்ள இன்னொண்ணு. உள்ள போகப் போக மார்க் ஏறும். ஏறினா கெட்டது. இது நாப்பத்தொண்ணு வாங்கிச்சு.

— அந்தக் கருவியை ஒரு நாள் குடுங்க, என் மாமியார் பேச்சை அளக்கணும்.

— சிரிக்க வைக்காதே. எல்லாத்தையும் பிரிச்சு, சின்னச் சின்னதா ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா அடுக்கினேன். எட்டுக்கு இறங்கிடுச்சு. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

— நானும் பிரிச்சுத் தைக்கறவதான். எந்தத் துண்டு எதுக்கு அடுத்து வரணும்னு சாக்பீஸ்ல குறிச்சு வெச்சுக்காம கத்தரியைத் தொட மாட்டேன். இல்லன்னா கை முதுகுல வந்து நிக்கும்.

— இரு, இரு. மேல பேட்டரியில ஒரு நம்பர் எரியுதே, என்ன அது? கண்ணாடியை ஸ்கூட்டர்லயே விட்டுட்டேன்.

— நாலுன்னு காட்டுது.

— நல்லாப் பாரு.

— நாலுதான். ஆனா நாம ரெண்டாவது மாடியைக்கூடத் தாண்டலையே. ஏன் அண்ணி?

— கரண்ட் போய்த் திரும்ப வந்தா, லிஃப்ட் முதல்ல தான் எங்க நிக்குதுன்னு பாக்கணும். அப்புறம்தான் கதவைத் தொறக்கணும். அந்த வரி அஞ்சு அடுக்குக்கு உள்ள புதைஞ்சு கிடந்துச்சு. வெளிய எடுத்தேன். எடுத்து, கதவு தொறக்கற வரிக்கு அப்புறம் வெச்சுட்டேன்.

— யாரும் சரி பாக்க மாட்டாங்களா?

— பாத்தாங்க. படிக்க அவ்வளவு சுலபமா இருந்துச்சு, ஒருத்தருக்கும் சந்தேகமே வரல.

— எனக்கு விளங்கற மாதிரி சொல்லுங்க அண்ணி, பயமா இருக்கு.

— நாம நாலை அழுத்தினோம்ல? நாலுக்கு வந்து சேந்துட்டதா அது நினைச்சுக்கிட்டிருக்கு. கரண்ட் வந்ததும் கதவைத் தொறக்கும்.

— தொறக்கட்டுமே. எதிர்ல சுவர் தெரியும். ஓரமா ஒட்டிக்கிட்டு நின்னுடலாம்.

— நம்ம கதவு மட்டும் இல்லம்மா. இந்தக் கட்டடத்துல ஒவ்வொரு மாடி வெளிக்கதவுக்கும் தனி மோட்டார். நாலாவது மாடிக் கதவும் தொறக்கும்.

— நாமதான் இங்க இருக்கோமே. அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கும்?

— ஒண்ணும் இருக்காது.

— அண்ணி, குட்டி அங்க நிக்கறா.

— தெரியும். வாட்ச்மேனுக்குப் போன் போடு. ஜெனரேட்டரைப் போட வேண்டாம்னு சொல்லு.

— சிக்னல் இல்ல. மணியை அடிக்கவா?

— அடிக்காதே. அடிச்சா இன்னும் சீக்கிரம் போடுவார். கத்து. தள்ளிப் போகச் சொல்லிக் கத்து.

— குட்டி, லிஃப்ட்கிட்ட நிக்காதே. வீட்டுக்குள்ள போ, போய் மாமாவை எழுப்பு. குட்டி, அம்மா சொல்றேன், கேக்குதா? உள்ள போ.

— இன்னும் பலமா.

— அங்கயே இருன்னு நான்தானே சொன்னேன் அண்ணி. நான்தானே சொன்னேன்.

— இரு. ஜெனரேட்டர் சத்தம் கேக்குது.

— லைட் வந்துடுச்சு. அண்ணி, லைட் வந்துடுச்சு.

— அம்மா, கதவு தொறந்துடுச்சு. ஒரே இருட்டா இருக்கே, உள்ளதான் இருக்கியா?