எத்தனை விரல் பத்தி

மேடைக்கு நேர் எதிரே, கோயில் வாசல் வழியாக என்னை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும், இன்று பிறந்தநாள் காணும் நம் ஊர்த் தெய்வம் நிலக்காவல் ஐயாவுக்கு என் முதல் வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்கி, எனக்குப் பேச நேரம் கொடுத்து, ஏன் கொடுத்தோம் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் கோயில் குழுத் தலைவர் ஹௌ ஐயா அவர்களே, தைபேயிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைய நம்மோடு மேடையில் அமர்ந்திருக்கும் தரவு மைய நிறுவனத்தின் மேலாளர் திங் அவர்களே, தலைமடைப் பெரியோர்களே, கடைமடைக் காவலர்களே, பால்கெண்டை மீன் குளங்களைப் பாதி வேலையில் விட்டுவிட்டு ஓடிவந்த அண்ணன்மார்களே, ஐயாவுக்குப் படைக்க ஆமை வடிவச் சிவப்புப் பணியாரம் அவித்த கையின் ஈரம் காயாமல் வந்திருக்கும் தாய்மார்களே, இவள் எப்போது இறங்குவாள், பொம்மலாட்டம் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் அன்பு நெஞ்சங்களே, உங்கள் அனைவரையும் லியூதான் வாய்க்காலின் மடைக்காரி சுவாங் யா-பின் வணங்குகிறேன்.

தலைவர் ஐயா எனக்குக் கால் மணி நேரம் என்றார். மடைக்காரிக்கு மணி எதற்கு? நம் வாய்க்காலில் நேரம் என்றால் ஊதுபத்தி. ஆகவே நாலு விரல் அளந்து, கோடு போட்டு, ஒரு பத்தியைக் கொளுத்தி இந்தப் பால்மாவு டப்பாவுக்குள் நட்டு வைத்திருக்கிறேன். நாலு விரல் என்பது கடைமடை லியாவ் பெரியப்பாவின் நாற்றங்கால் நனையும் நேரம். அது எரிந்து முடிந்தால் என் பேச்சும் முடியும். ஒரு நொடி கூடினாலும் லியாவ் பெரியப்பா விடமாட்டார். அவரை உங்களுக்குத் தெரியும்.

தெரியாத திங் சாருக்காகச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வானம் பொய்த்தது, வாய்க்கால் மெலிந்தது, முறை வைத்துத் தண்ணீர் விட்டேன். ஒரு நாள் பெரியப்பா மண்வெட்டியோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"யா-பின், எனக்கு அரை விரல் தண்ணி குறையுது."

"எப்படிப் பெரியப்பா? கோடு வரைக்கும் எரிஞ்சப்புறம்தானே மடைய மூடினேன்?"

"காத்து அடிச்சுது. காத்துல பத்தி வேகமா எரியும். உனக்கு முன்னாடி உங்கப்பன் மடைக்காரனா இருந்தப்ப இப்படி நடக்கல."

"எங்கப்பாவ நீங்க திருடன்னு திட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு."

"அது வேற சண்டை. இப்ப அரை விரல் குடு."

கொடுத்தேன். அன்றிலிருந்துதான் பத்தியை டப்பாவுக்குள் நடுகிறேன், காற்று படாமல். அரை விரலுக்கு மண்வெட்டி தூக்கிய ஊர் இது. அண்ணனும் தம்பியும் ஒரு கோட்டுக்காக ஒரு மாதம் பேசாமல் இருந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் இன்று என்ன நடக்கப்போகிறது? பொம்மலாட்டம் முடிந்ததும், அதோ அந்த நீல மேசையில் ஒரு தாள் விரிப்பார்கள். வறண்ட ஆண்டுகளில் நம் இரண்டாம் போகத்து முறைத்தண்ணீரை, ஊருக்கு வடக்கே எழப்போகும் தரவு மையத்துக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று எழுதிய தாள். கையெழுத்துக்குப் பதில் வீட்டுக்கு ஒரு பெயர் முத்திரை. பலபேர் சட்டைப்பையில் முத்திரை இப்போதே இருக்கிறது. அரை விரலுக்குச் சண்டை போட்ட கை, அளவே எழுதாத தாளில் முத்திரை குத்தலாமா? விரலை அளந்த ஊர், வாய்க்காலையே அளக்காமல் தூக்கிக் கொடுக்கலாமா?

ஊ-மெய் அக்கா சிப்பி அடை சுடுகிற கல்லை விட்டுவிட்டுக் கேட்கிறார், "நீ மட்டும் போன் பாக்கலியா?" என்று. பார்க்கிறேன் அக்கா. சமையல் படம், பாட்டு, சீரியல் எல்லாம் பார்க்கிறேன். அந்தப் படமெல்லாம் இப்படிப்பட்ட ஒரு கட்டடத்துக்குள் இருந்துதான் வருகிறது என்று திங் சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல நான் மேடை ஏறவில்லை. இயந்திரம் சூடாகும், சூடானால் தண்ணீர் கேட்கும், மின்சாரம் கேட்கும். மின்சாரம் ஒரு மணி நேரம் நின்றால் குளத்து நீரில் காற்றைக் கலக்கும் சக்கரம் நிற்கும், பால்கெண்டை வெள்ளை வயிற்றோடு மிதக்கும் என்பது குளத்துக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் கேள்வியை அவர்கள் கேட்கட்டும். எனக்குத் தெரிந்தது தண்ணீர். நான் தண்ணீரைக் கேட்கிறேன்.

திங் சாரிடம் நேரிலேயே கேட்டேன். நல்ல மனிதர், தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"தண்ணி உள்ளேயே சுத்திச் சுத்தி வரும் அக்கா. வீணாகாது."

"அப்போ ஒரு தடவ ரொப்பினா போதும், இல்லையா?"

"அப்படி இல்ல. மேல சூட்ட ஆத்துற கோபுரத்துல கொஞ்சம் ஆவியாப் போகும். அப்பப்ப ஊத்தணும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்தான் அக்கா."

"நாத்தங்கால் அளவா? வயல் அளவா? வாய்க்கால் அளவா?"

"தேநீர் ஆறுது, குடிங்க."

குடித்தேன். தேநீர் நன்றாக இருந்தது. சந்தேகம் அப்படியே இருந்தது.

மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். கட்டடத்தின் உயரம் இருக்கிறது, கதவின் அகலம் இருக்கிறது, நடப்போகும் மரங்களின் பெயர்கூட இருக்கிறது. நாள் ஒன்றுக்குத் தேவைப்படும் நீர் என்ற இடத்தில் மட்டும் கறுப்பு மை பூசி மறைத்திருக்கிறது. எழுத்தர் தம்பி சங்கடப்பட்டார். "அது தொழில் ரகசியம் அக்கா" என்றார். "தண்ணி குடிக்கிறதுல என்னப்பா ரகசியம்? எங்க ஊர் எருமைகூட எல்லார் முன்னாடியும்தான் குடிக்குது" என்றேன். "எனக்கு மேலேருந்து வந்ததே இப்படித்தான்" என்று கோப்பை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அலமாரியில், நிறுவனம் வீட்டுக்கு வீடு அன்பளிப்பாகக் கொடுத்த சோயா சாஸ் பாட்டில். உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு, சர்க்கரை, ஒரு கரண்டியில் உப்பு எத்தனை மில்லிகிராம் என்பது வரை எழுதியிருக்கிறது. ஒரு கரண்டிச் சாஸுக்குச் சட்டம் கணக்குக் கேட்கிறது. ஒரு வாய்க்காலுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். பாட்டிலைத் திறக்கவே இல்லை, இதோ கொண்டுவந்திருக்கிறேன்.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். "கோயில் கூரையைப் பற்றியும் சொல்லு." சொல்கிறேன் ஐயா. கூரைக்குப் புது ஓடு போட்டுத் தருகிறோம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. பழைய ஓடு ஒழுகுகிறது, உண்மைதான். ஆனால் கூரை ஒழுக முதலில் மழை பெய்ய வேண்டும். நாம் பேசிக்கொண்டிருப்பது மழை பெய்யாத ஆண்டைப் பற்றி.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பத்தி இரண்டு விரல் மிச்சம் இருக்கிறது.

உங்கள் கையில் நிறுவனத்தின் பளபளப்பான கையேடு இருக்கிறது. முதல் பக்கத்தில் என்ன படம்? திங் சார் நம் நிலக்காவல் ஐயாவின் முன்னால் மண்டியிட்டு, குறி கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் போடுகிறார். கட்டைகள் ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து கிடக்கின்றன. அப்படி மூன்று முறை விழுந்ததாம். மூன்று முறை விழுந்தால் சம்மதம், அது நம் வழக்கம். கீழே கொட்டை எழுத்தில், 'தெய்வமும் சம்மதித்த திட்டம்'.

அன்று நான் பக்கத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது என் காதில் விழுந்தது. "ஐயா, இந்த ஊர் செழிக்கணும்னு உங்களுக்கு ஆசை உண்டா?" அதுதான் கேள்வி. சொல்லுங்கள் தாய்மார்களே, எந்தத் தெய்வம் இதற்கு இல்லை என்று சொல்லும்? இதற்கு ஐயா மூன்று முறை அல்ல, முப்பது முறை ஆமாம் என்பார். ஐயாவிடம் எப்படிக் கேட்க வேண்டும்? பெயர் சொல்ல வேண்டும், வீடு இருக்கும் இடம் சொல்ல வேண்டும், காரியத்தை ஒளிக்காமல் முழுசாகச் சொல்ல வேண்டும். மருமகளுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்பதற்கே நீங்கள் கம்பெனியின் பெயர், சம்பளம், பேருந்து எண் வரை சொல்கிறீர்கள். அரைகுறையாகக் கேட்டால் இரண்டு கட்டையும் மல்லாந்து விழும், ஐயா சிரிக்கிறார் என்போம். அன்று ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. விருந்தாளி என்று விட்டிருப்பார்.

இன்று அவர் பிறந்தநாள். மறுபடி கேட்போம். திங் சார், உங்களைத்தான். கட்டைகள் இதோ இந்தத் தட்டில். எதிரே ஐயா. நீங்கள் தைபேயில் வேலை பார்த்தாலும் பக்கத்துத் தாவ்லுன் ஊர்க்காரர். உங்கள் அம்மா மாதம் இரண்டு முறை இங்கே வந்து பத்தி ஏற்றுகிறார். வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயரைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்லுங்கள், நாள் ஒன்றுக்கு எத்தனை டன் தண்ணீர் என்று சத்தமாகச் சொல்லுங்கள். டன் வேண்டாமென்றால் எங்கள் கணக்கில் சொல்லுங்கள், எத்தனை விரல் பத்தி? சொல்லிவிட்டுப் போடுங்கள். மூன்று முறை சம்மதம் விழுந்தால், மதகுச் சக்கரத்தின் கைப்பிடியை நானே கழற்றிக் கொடுத்து, முதல் முத்திரையை நானே குத்துகிறேன்.

எழுந்திருக்கிறார். சத்தம் போடாதீர்கள் தம்பிமார்களே. அவர் நம் விருந்தாளி.

மண்டியிட்டுவிட்டார். பெயர் சொல்கிறார், "திங் குவான்-யூ." இடம் சொல்கிறார். காரியம் சொல்கிறார், "வடக்க ஒரு தரவு மையம் கட்டணும் ஐயா. அதுக்கு இந்த வாய்க்கால் தண்ணி வேணும். ஒரு நாளைக்கு..."

நாள் ஒன்றுக்கு?

காத்திருப்போம். ஊ-மெய் அக்கா, அடுப்பை அணைத்துவிடுங்கள், சத்தம் வருகிறது.

என்ன சார்? மெதுவாகப் பேசுகிறீர்கள். ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்புகிறேன். நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்கள்.

"எனக்குத் தெரியாது அக்கா. எங்களுக்கும் அந்த இடத்துல கறுப்பு மைதான். நான் ரெண்டு தடவ கேட்டேன். முத்திரை வாங்கிட்டு வா, அது போதும்னு சொல்லிட்டாங்க."

யாரும் சிரிக்க வேண்டாம். கை தட்டவும் வேண்டாம். கட்டைகளைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்திருங்கள் சார், முட்டியில் மண் ஒட்டியிருக்கிறது.

இத்தனை நாளும் நான் இவரைச் சந்தேகப்பட்டேன். அந்தப் புன்னகைக்குப் பின்னால் ஒரு எண்ணை ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது என் சந்தேகம் குறையவில்லை, கூடிவிட்டது. கேட்க வந்தவருக்கே எவ்வளவு கேட்கிறோம் என்று தெரியாது. கொடுக்கப்போகும் நமக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியாது. அனுமதி தரும் அலுவலகத்துக்கும் தெரியாது. அப்படியென்றால் தெரிந்தவர் யார்? தெரிந்தவர் ஏன் வரவில்லை? சிறிய எண்ணாக இருந்தால் அதற்கு எதற்கு இவ்வளவு மை? ஊராரிடம் சொல்லக் கூசாத எண் என்றால், ஐயாவின் முன்னால் சொல்ல ஓர் ஆளை அனுப்ப மாட்டார்களா?

திங் சார், ஐயாவின் முன்னால் நீங்கள் பொய் சொல்லவில்லை. வாயில் வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம், நாங்கள் நம்பியிருப்போம். உங்கள் அம்மாவிடம் இதை நான் சொல்வேன். உங்களை அனுப்பியவர்களிடம் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். லியூதானில் தண்ணீர் வேண்டுமென்றால் இந்தத் தட்டில் கட்டைகள் இருக்கின்றன, எதிரே ஐயா இருக்கிறார், எண்ணைத் தெரிந்தவர் வந்து மண்டியிட்டுச் சொல்லட்டும். அவருக்கும் ஒரு பத்தி ஏற்றி வைக்கிறேன். காற்று படாமல் டப்பாவுக்குள்ளேயே வைக்கிறேன்.

பாருங்கள், பத்தி கோட்டைத் தொட்டுவிட்டது. இந்நேரம் லியாவ் பெரியப்பாவின் நாற்றங்கால் நனைந்திருக்கும், நான் மடையை மூடியிருப்பேன், அவரும் பாதிச் சண்டையைத் தொடங்கியிருப்பார். இதே நேரத்தில் அந்தக் கட்டடம் எவ்வளவு குடித்திருக்கும்? இங்கே கூடியிருக்கும் ஒருவருக்கும் தெரியாது. தெரியும்வரை, பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் முத்திரை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ஹௌ ஐயா எழுந்து நிற்கிறார். முடித்துவிட்டேன் ஐயா. எங்கே போகிறீர்கள்? நீல மேசைக்கா?

தாளை மடித்துவிட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நன்றி ஐயா. கூரை ஒழுகுகிற இடத்தில் நானே வந்து வாளி வைக்கிறேன்.

மேடையை விட்டுக்கொடுத்த பொம்மலாட்டக் கலைஞர்களுக்கு நன்றி. அடுப்பை அணைத்த ஊ-மெய் அக்காவுக்கு நன்றி. மண்வெட்டியை வீட்டிலேயே விட்டு வந்த லியாவ் பெரியப்பாவுக்குச் சிறப்பு நன்றி. நிலக்காவல் ஐயாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, திங் சாரின் சோயா சாஸை மூடி திறக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்து, உங்கள் மடைக்காரி விடைபெறுகிறேன். வணக்கம்.