பயிற்சிப் பிரதி

மாலை நேரக் கணினி வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை. நான் முதல் வரிசை. புரிந்ததைக் காட்டிக்கொள்ள அல்ல, புரியாததால்தான் அங்கே உட்காருகிறேன். அன்றன்று படித்ததையும் செய்ததையும் நேரம் போட்டு நோட்டில் எழுதிவைப்பேன். மறுநாள் திரும்பப் படித்து, தப்பாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகப்படுவேன். விசாரணைக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதச் சொன்னீர்கள். நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பகலில் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை, இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது, மற்றது சீனியருடையது. நோயாளிகளின் மருந்துப் பட்டியல் முழுவதும் எங்கள் சர்வரில் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே அதைத் திறக்கப் பதினொரு டாக்டர்களுக்கு அனுமதி உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் விவரம்: எங்கிருந்து நுழையலாம், நுழைந்தால் எந்தத் தரவுத்தளம் திறக்கும், அதில் எதை மாற்றலாம். அந்த விவரங்களைத் திருத்தும் அதிகாரம் சீனியருக்கு மட்டும்.

தரவுத்தளம் இரண்டு. ஒன்று அசல். மற்றது புதிய நர்ஸ்கள் பழகுவதற்கான பயிற்சிப் பிரதி. தினமும் காலை ஆறு மணிக்கு அசலைப் பார்த்துப் புதிதாக நகலாகும். அதில் என்ன எழுதினாலும் வார்டுக்குப் போகாது. ஆனால் திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இது ஆபத்து என்று எனக்குப் பட்டது. நான்கு நாள் யோசித்துவிட்டு, பயிற்சிப் பிரதியின் தலைப்பில் சிவப்புப் பட்டை ஒன்று போடலாம் என்று மாதக் கூட்டத்தில் சொன்னேன்.

"சிவப்புப் பட்டையா?" என்றார் சீனியர். "ஏம்பா டியூஷன், நேத்து கிளாஸ்ல கலர் பென்சில் குடுத்தாங்களா?"

டியூஷன் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் தலைமை நர்ஸின் டீ மேசையில் சிந்தியது. நான்தான் துடைத்தேன்.

"இல்ல சார், வீட்லேர்ந்து வர்ற டாக்டர் தப்பான இடத்துக்குப் போயிட்டா..."

"எப்படிப் போவாங்க? யார் எங்க போகணும்னு செட் பண்றவன் நான். நான் தூங்கினாலும் என் செட்டிங் தூங்காது. நீ மொதல்ல பரீட்சைல தேறு."

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். 'கோபம் இல்லை' என்றுதான் அன்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், ஏன் என்று ஞாபகமில்லை.

சீனியர் சாப்பிடப் போகும்போது திரையைப் பூட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை 1.10க்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதய டாக்டரின் பயனர் விவரத்தைத் திறந்தேன். சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பட்டியல் பார்க்கிறவர் அவர்தான். ஒரே ஒரு வரியை மாற்றினேன்: அசல் என்று இருந்த இடத்தில் பயிற்சிப் பிரதி. சேமித்துவிட்டு எழுந்தேன். சரியாகச் சேமித்தேனா என்று சந்தேகம் வந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் சீனியரின் பெயர் விழுந்திருந்தது. அதையும் கவனித்தேன்.

சனிக்கிழமை காலை 10.40. பயிற்சிப் பிரதியில் டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார். பதினான்காம் படுக்கை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை உடனே நிறுத்தவும், கசிவு அபாயம். சேமிக்கப்பட்டது என்று திரை அவருக்குச் சொல்லியிருக்கும். எங்கள் மருத்துவமனையில் ஃபோனில் மருந்து சொல்லக் கூடாது, பட்டியலில் இருப்பதுதான் உத்தரவு. அதனால் அவர் கூப்பிட மாட்டார். அந்த விதி வேண்டும் என்று அடித்துப் பேசியவரும் சீனியர்தான். அசலைத் திறந்து பார்த்தேன். ஊசி, மதியம் இரண்டு மணி, அப்படியே இருந்தது. இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று முறை ஒப்பிட்டேன். தலைப்பில் எள்ளளவு வித்தியாசம் இல்லை. நான் கூட்டத்தில் சொன்னது சரிதான்.

வார்டு ஒரு மாடி கீழே. போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டால் தவறு எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். நடக்காத தவறைச் சொன்னால் சிரிப்பார்கள். ஏற்கெனவே சிரித்தார்கள்.

11.25க்கு ஒரு அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, டிஸ்சார்ஜ் பேப்பர் குடுக்கற ரூம் இதுவா?"

"எந்தப் படுக்கைம்மா?"

"பதினாலு. எங்க வீட்டுக்காரரு, ஸ்கூல் பஸ் ஓட்டறவரு. திங்கக்கிழமை அனுப்பிடுவாங்களாம். அந்த வார்டே நிம்மதியாத் தூங்கும் போங்க. அவரு குறட்டை விட்டா ஹாரன் அடிச்ச மாதிரி இருக்கும்."

"தரைத்தளம், இடது பக்கம் மூணாவது கதவு. படி வழியாவே போங்கம்மா, லிஃப்ட் லேட் பண்ணும்."

"நல்லாயிரு தம்பி."

வழியைச் சரியாகச் சொன்னேனா என்று வெளியே வந்து பார்த்தேன். சரியாகத்தான் போனார்.

இரண்டு மணிக்கு ஊசி போட்டார்கள். நான்கு மணிக்கு அவர் தலைவலி என்றாராம். ஐந்தேகாலுக்கு மூளையில் ரத்தக் கசிவு என்று எங்கள் அறைக்கும் செய்தி வந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் நான் கிளம்பிவிட்டேன். ஏழு மணிக்கு முன்பே உயிர் போய்விட்டது என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது.

அன்றே சீனியரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். சிவப்புப் பட்டை போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நான்தான் மாற்றினேன். நிறுத்தச் சொன்னதைப் படித்துவிட்டு, மூன்று மணி இருபது நிமிடம் தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். இதை இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்கிறீர்கள். மறைக்கவில்லை. என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

சீனியர் மேசையைக் காலி செய்த அன்று, பெட்டியைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றார். டியூஷன் என்று கூப்பிடவில்லை.

"நான் மாத்தலப்பா. பொண்டாட்டிகூட ஒரு மாதிரி பார்க்கறா. நீயாவது நம்பறியா?"

"நம்பறேன் சார்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. அந்த மருத்துவமனையிலேயே அவரை முழுதாக நம்பியவன் நான் ஒருவன்தான். இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை நான் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.